‘நகைகள்’ கதையில் வேடதாரி யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘நகைகள்’ (1883) சிறுகதை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, வேடதாரி, கதைநாயகன் லாந்தனின் மனைவிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவள் கதையின் தொடக்கத்திலேயே நிமோனியாவில் இறந்துவிடுகிறாள். மிச்சக் கதை முழுக்க லாந்தனுடையது.

அவன் பாரிஸில் உள்துறை அமைச்சக எழுத்தர். ஆண்டுச் சம்பளம் 3,500 பிராங்க். அதை வைத்து அவள் செழிப்பாகவே குடும்பம் நடத்தினாள். அவள் போனபின் அதே சம்பளம் அவன் ஒருவனுக்கே போதவில்லை, கடன் ஏறுகிறது. நல்ல ஒயினும் உயர்ந்த சாப்பாடும் எப்படித்தான் வாங்கினாளோ என்று வியக்கிறான், வியப்போடு நிறுத்திக்கொள்கிறான். தெரியாததால் அல்ல, தெரிந்துகொள்ள மனமில்லாததால்தான் என்பது என் வாசிப்பு. கவரிங் நகை போடுகிறாளே என்று அவளைக் கடிந்துகொண்டவனும் இவன்தான். “இது என் கெட்ட பழக்கம்” என்று அவள் சிரித்தபடி சொன்னது ஏறக்குறைய ஒரு வாக்குமூலம்.

கையில் காசில்லாமல் அவளுடைய கழுத்தணி ஒன்றை விற்கப் போகிறான். ஆறு அல்லது எட்டு பிராங்க் தேறும் என்பது அவன் நினைப்பு. கடைக்காரர் 18,000 தருவதாகச் சொல்கிறார், அவனுடைய ஐந்தாண்டுச் சம்பளத்துக்கும் மேல். நகை அசல், வேறு ஆணிடம் பரிசாக வாங்கியிருக்கிறாள் என்று புரிந்ததும் தெருவில் மயங்கி விழுகிறான், இரவாகும்வரை அழுகிறான். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் மறுநாள் பசிக்கிறது. கடை வாசலில் இருபது முறை தயங்கிவிட்டு உள்ளே போய்ப் பணத்தை வாங்கிக்கொள்கிறான். வெளியே வரும் நேரத்தில் திரும்பி, “அதே வாரிசு வழியில் வந்த” வேறு நகைகளும் இருப்பதாகச் சொல்கிறான். வேடம் தொடங்குவது இந்தச் சொல்லில். சோரத்தின் கூலி வாரிசுச் சொத்தாகிவிடுகிறது. சிரிப்பை அடக்க முடியாமல் கடைச் சிப்பந்தி ஒருவர் வெளியே ஓடுகிறார்.

அடுத்த காட்சியைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. காதணி 20,000, வளையல்கள் 35,000, ஒற்றைக்கல் சங்கிலி 40,000 என்று மதிப்புப் போடப் போட, லாந்தன் பேரம் பேசுகிறான், கோபிக்கிறான், விற்பனைப் பதிவேட்டைக் காட்டச் சொல்கிறான். தொகை ஏற ஏறக் குரலும் ஏறுகிறது. முந்தின நாள் மயங்கி விழுந்தவன் இவன்!

ஓர் எண் திருத்தமும் உண்டு. மொத்தம் 1,43,000 என்று கட்டுரை சொல்கிறது. சில ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அப்படி இருக்கிறது. நான் மேலே சொல்லாதவை உட்படக் கதையில் வரும் எல்லா விலைகளையும் முதல் கழுத்தணியையும் கூட்டினால் வருவதும் அதுதான். பிரெஞ்சு மூலத்தில் இருப்பது 1,96,000. இது முக்கியம், ஏனென்றால் வேலையை ராஜினாமா செய்யும்போது மேலதிகாரியிடம் 3,00,000 வாரிசாக வந்தது என்கிறான்; அன்றிரவே உணவகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் அது 4,00,000 ஆகிவிடுகிறது. பொய்யின் அளவு தெரிய உண்மைத் தொகை சரியாக இருக்க வேண்டும்.

ஆறு மாதத்தில் மறுமணம். இரண்டாம் மனைவி கற்புடையவள், ஆனால் சிடுமூஞ்சி. அவனைப் படாதபாடு படுத்துகிறாள். இதைக் கட்டுரையாளர் ‘ஏமாந்த கணவனுக்கு வந்த சோதனை’ என்கிறார். நகைகளை விற்ற பணத்தில் உட்கார்ந்திருப்பவனை ஏமாந்தவன் என்று எழுதியதை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்துங்கள்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்