கிணற்றடிக் கரிச்சான்

முத்தையன்கட்டு,
சித்திரை.

அன்பின் நண்பா,

உன் முழங்கால் வலி தணிந்து, மறுபடியும் காலை நடைக்குப் போகிறாய் என்றறிந்து ஆறுதலடைந்தேன். இங்கே சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். என் வயலில் விதைப்பு முடிந்துவிட்டது.

பறவைகள் எதற்காகப் பாடுகின்றன என்று கேட்டிருந்தாய். எங்கள் கிணற்றடித் தூணில், கிழக்கு வெளுக்க முன்னரே ஒரு குண்டுக்கரிச்சான் வந்திருந்து பாடுகிறது. சென்ற கிழமை, குளக்கட்டுப் பக்கம் பாடும் வேறொரு கரிச்சானின் பாட்டைக் கைத்தொலைபேசியில் பதிந்து வந்து, கிணற்றுக் கட்டில் வைத்து ஒலிக்கவிட்டேன். ஒரு நிமிடம் ஆகவில்லை. கீழே இறங்கி, வாலை நிமிர்த்தித் தொலைபேசியை இரண்டு முறை சுற்றிவந்தது. எதிராளியைக் காணாமல் தூணில் ஏறி முன்னிலும் உரத்துப் பாடியது. கூடு கட்டும் காலத்தில் அதை அலைக்கழித்தது பிழையென்று பட்டதால் நான் மறுபடி அதைச் செய்யவில்லை.

பாட்டு ஒரு வேலி என்பதை அன்று கண்ணால் கண்டேன். ஜோன் கிறெப்ஸ் என்ற பறவை ஆய்வாளர் 1970களில் ஒக்ஸ்போர்ட்டுக்கு அருகிலுள்ள காட்டில் பெருஞ்சிட்டு (great tit) என்னும் பறவைகளின் ஆண்களைப் பிடித்து அகற்றிவிட்டு, சில இடங்களில் ஒலிபெருக்கி மூலம் அவற்றின் பாட்டை மட்டும் ஒலிக்கவிட்டார். பாட்டுக் கேட்காத இடங்களையே புதிய ஆண்கள் முதலில் பிடித்துக்கொண்டன. அதே பாட்டுத்தான் பெட்டையையும் அழைக்கிறது. ஆனால் பாடுவது ஆணின் தொழில் என்று நாம் படித்தது முழு உண்மையன்று: பாடும் பறவைகளின் மூதாதையரில் பெண்ணும் பாடியிருக்க வேண்டுமென்று 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

குரல் பிறக்கும் இடமும் நம்முடையதைப் போன்றதன்று. வாதனாளி, அதாவது மூச்சுக்குழாய், இரு கிளையாகப் பிரியும் அடியில், நெஞ்சுக்குள் அந்த உறுப்பு இருக்கிறது. பாடும் பறவைகள் அதன் இரு பக்கங்களையும் தனித்தனியே இயக்குவதால், ஒரே மூச்சில் இரண்டு சுரங்களை எழுப்ப வல்லவை.

என்னை மிகவும் நெகிழ வைப்பது வேறொன்று. குயில் காக்கைக் கூட்டில், காக்கை ஊட்டிய இரையில் வளர்ந்தும், பெரிதானதும் குயிலாகவே கூவுகிறது. அந்தக் கூவல் உடன்பிறந்தது. (கூவுவது கறுத்த ஆண்தான், பெண்குயிலென்று நீ பள்ளிக்கூடத்தில் என்னோடு வாதாடியது நினைவிருக்கிறதா?) கரிச்சான் போன்ற பாடும் பறவைகளோ மூத்தவற்றைக் கேட்டுத்தான் கற்க வேண்டும். 1950களில் வில்லியம் தோர்ப் என்ற ஆய்வாளர் தனிமையில் வளர்த்த சாஃபிஞ்ச் (chaffinch) என்னும் குருவிகள், வளர்ந்த பின்பும் அரைகுறைப் பாட்டையே பாடின.

போன வருடம் இங்கே பொரித்த ஓர் இளங்கரிச்சான், பூவரசம் வேலிக்குள் மறைந்திருந்து, வாயைச் சரியாகத் திறக்காமலே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பாதிப் பாட்டு, இடையில் ஒரு தடுமாற்றம், மறுபடி தொடக்கம். நான் வாளியைக் கீழே வைக்காமல் நின்று கேட்டேன். இவ்வருடக் குஞ்சுகளும் ஆவணியளவில் அப்படி முணுமுணுக்கக்கூடும். அதற்குள் ஒருமுறை வந்து போ.

அன்புடன்,
உன் நண்பன்