சொதிக்கு ஒரு பவுச்

ஓசூர்

அன்புள்ள கோமதி,

நீ விற்கிற சொதியை, அதுதான் அந்தத் தேங்காய்ப்பால் குழம்பை, அடைத்த பவுச் பார்சல் பத்திரமாக வந்தது. ரிட்டார்ட்டில் (கெடாமல் இருக்க நீராவி அழுத்தத்தில் வேகவைக்கும் கலத்தில்) போட்டது தனி, போடாதது தனி என்று பிரித்துக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் எழுதியிருந்தாய் பார், அதற்கே உனக்கு ஒரு கும்பிடு. பவுச்சுக்கு ஃபிலிம் ஒட்டித் தருகிற எங்களிடம் புகார் கொண்டுவரும் பெரிய கம்பெனிக்காரர்களே கெட்டதை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, "ஏன் இப்படி ஆச்சு?" என்பார்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்லது ஒன்று வேண்டாமா? இத்தனை வருடம் கரண்டி பிடித்த பிறகும் சிப்பெட்டில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்தது உன்னிடம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து, இப்போது வாக்கர் இல்லாமலே மொட்டை மாடிவரை போய்விடுகிறார். கார்த்திக்குக் கடைசி வருடம். வேலை கிடைக்குமா என்று அவனைவிட அவன் அப்பாவுக்குத்தான் கவலை. உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை குறைந்ததா? சொதியைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு அவரைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ரிட்டார்ட் போட்டதும் மஞ்சளாகிவிடுகிறது" என்று எழுதியிருந்தாய். கோமதி, மஞ்சளானது பவுச்சா, சொதியா? இரண்டையும் சேர்த்து வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நிறமாகத்தான் தெரியும். முதல் வேலையாக ஒரு பவுச்சை வெட்டி, சொதியைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, பவுச்சைக் கழுவித் துடைத்தேன். ஒற்றைத் துண்டை வெள்ளைத் தாளில் வைத்தால் ஒன்றும் சொல்ல முடியாது. பத்துத் துண்டு வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தெரிந்துவிடும். ரிட்டார்ட் போடாத அடுக்கு தெளிவாக இருந்தது. போட்ட அடுக்கு பழைய செல்லோடேப் நிறம். அடுத்து, சீல் ஓரத்தை மட்டும் வெட்டி அடுக்கிப் பார்த்தேன். அது சொதி தொடாத இடம். அங்கேயும் அதே மஞ்சள். ஆக, இது தேங்காய் எண்ணெய் ஊறி வந்ததோ, மஞ்சள்தூள் கறையோ இல்லை. பவுச் தானாகவே நிறம் மாறியிருக்கிறது.

நீ அனுப்பிய ஸ்பெக் தாளில் வெளியே அலுமினியம் ஆக்சைடு பூசிய பாலியெஸ்டர் 12 மைக்ரான், நடுவில் நைலான் 15, உள்ளே சி.பி.பி. (சீல் ஆகிற பாலிபுரொப்பிலீன் ஃபிலிம்) 70 என்று இருந்தது. வடிவமைப்பில் குறையே இல்லை. நைலானை வெளியே வைக்காமல் நடுவில் வைத்திருக்கிறார்கள். நீராவியோடு காற்றும் கலந்திருக்கும் ரிட்டார்ட்டில் நைலான் ஆக்சிஜன் பட்டு மஞ்சளாகும், அதனால் அது நடுவில் இருப்பதுதான் முறை. எங்களிடம் அதே வகை ஃபிலிம்கள் ஸ்டாக்கில் இருந்தன. ஒவ்வொன்றையும் தனியாக ஸ்டீல் கிளிப்பில் மாட்டி, லேபில் இருக்கும் சின்ன ரிட்டார்ட்டில் 121 டிகிரியில் 30 நிமிடம் போட்டேன். பாலியெஸ்டரும் சி.பி.பி.யும் போனபடியே வந்தன. நைலான் லேசாக மாறியது. அவற்றையே சாதாரண அட்ஹெசிவ் (பசை) போட்டு ஒட்டி அனுப்பினால், உன் பவுச்சின் நிறம் அப்படியே வந்து நின்றது.

குற்றவாளி அட்ஹெசிவ். ஃபிலிம்களை ஒட்ட நாங்கள் போடுவது பாலியூரித்தேன், இரண்டு டப்பாவாக வந்து கலப்பது. அதில் ஐசோசயனேட் இருக்கும் டப்பாதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. விலை மலிவான அரோமாட்டிக் வகையில் பென்சீன் வளையம் உண்டு. சூடும் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் அந்த வளையம் மஞ்சள் நிறச் சேர்மங்களாக மாறும். அலிஃபாட்டிக் வகையில் அந்தப் பென்சீன் வளையம் இல்லை, அதனால் மஞ்சளாக வழியில்லை. பிறகு ஏன் எல்லோரும் அதைப் போடுவதில்லை என்று கேட்பாய். ஒன்று விலை. இன்னொன்று பொறுமை. அலிஃபாட்டிக் மெதுவாகத்தான் இறுகும். ஒட்டிய ஃபிலிம் சுருளை, அதாவது லேமினேட் ரோலை, பசை இறுகுவதற்கான சூடான க்யூரிங் ரூமில் கூடுதல் நாள் வைக்க வேண்டும். ஆர்டர் அவசரம் என்றால் முதலில் வெட்டு விழுவது அந்த நாட்களில்தான்.

இது கண்ணுக்கு அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரோமாட்டிக் அட்ஹெசிவ் முழுதாக இறுகாமல் ரிட்டார்ட்டுக்குப் போனால், மிச்சமிருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்து அரோமாட்டிக் அமீன் ஆகும். அது சி.பி.பி.யைத் தாண்டி உணவில் இறங்கலாம். ஐரோப்பிய விதியில் இதற்கு ஒரு கிலோ உணவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவில்கூடத் தென்படக் கூடாது. அமெரிக்காவிலும் 121 டிகிரியும் அதற்கு மேலும் தாங்க வேண்டிய லேமினேட்டுகளுக்கென்றே உணவு விதிகளில் 177.1390 என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். உன் பவுச்சில் அமீன் இருக்கிறது என்று சொல்லவில்லை, பயப்படாதே. மஞ்சளை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. சப்ளையரிடம் மூன்று விஷயம் கேள்: அட்ஹெசிவ் அலிஃபாட்டிக்கா, எத்தனை நாள் க்யூரிங், பவுச்சிலிருந்து உணவுக்குள் என்ன இறங்குகிறது என்று சோதித்த மைக்ரேஷன் ரிப்போர்ட் இருக்கிறதா. பதில் சொல்லத் தயங்கினால் ஆளை மாற்று. லேபிள் ஓரத்தில் வெள்ளை மை பழுத்த மாதிரி இருப்பதையும் பார்த்தேன். நைட்ரோசெல்லுலோஸ் மை போட்டிருந்தால் ரிட்டார்ட்டில் அப்படி ஆகும். அதையும் மாற்றச் சொல்லு.

இனி கிண்ணத்தில் ஊற்றிய சொதிக்கு வருவோம். அதுவும் பழுத்துத்தான் இருந்தது, ஏட்டி! மறுவீட்டுப் பந்தியில் ஊற்றும் அந்த வெள்ளை இல்லை. தேங்காய்ப்பாலில் சர்க்கரையும் உண்டு, புரதமும் உண்டு. சூட்டில் இரண்டும் சேர்ந்து பழுப்பாகும். டின்னில் வரும் தேங்காய்ப்பாலில் சிலர் மெட்டாபைசல்ஃபைட் போட்டு வெள்ளையாக வைத்திருப்பார்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஆகாது. வீட்டுச் சமையல் என்று போர்டு வைத்து விற்கிற உனக்கு அது வேண்டாம்.

வழி வேறு இருக்கிறது. நீ வைத்திருந்த ரிட்டார்ட் சார்ட்டைப் பார்த்தேன் (அதைப் பார்த்த பிறகுதான் சொதியை வாயில் வைத்தேன், கோபித்துக்கொள்ளாதே). எஃப் நாட் (121 டிகிரியில் எத்தனை நிமிடத்துக்குச் சமமாகக் கிருமி கொன்றது என்ற கணக்கு) 15ஐத் தாண்டியிருக்கிறது. குறைந்தபட்சம் வேண்டியது 3. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நஞ்சுக் கிருமியின் ஸ்போர்கள் (சூடு தாங்கும் வித்துகள்) 121 டிகிரியில் பத்தில் ஒரு பங்காகக் குறைய 0.21 நிமிடம் ஆகும். அப்படிப் பன்னிரண்டு தடவை குறைக்க இரண்டரை நிமிடம், அதை 3 என்று வைத்துக்கொண்டார்கள். நடைமுறையில் 6, 8 என்று வைப்போம். உனக்குக் கூலிக்கு ரிட்டார்ட் போட்டுத் தருகிறவர் எதற்கு வம்பு என்று இரட்டிப்பாகப் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பவுச்சின் நடுவில் என்ன சூடு என்று அளக்காதவர் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் நிறத்தைக் காப்பாற்ற நீயாக நேரத்தைக் குறைத்துவிடாதே. பவுச்சுக்குள் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) வைத்து அளந்த பிறகுதான் ஒரு நிமிடமானாலும் குறைக்க வேண்டும். மைசூரில் ராணுவத்துக்கு ரிட்டார்ட் சாப்பாடு உருவாக்கிய, டி.எஃப்.ஆர்.எல். என்று அழைக்கப்பட்ட ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது, சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்ற உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இந்த வேலை தெரிந்தவர்கள் அங்கே உண்டு. எலுமிச்சை பிழிகிறோமே, அமிலம் போதாதா என்று கேட்டிருந்தாய். போதாது. பி.எச். 4.6க்குக் கீழே வர வேண்டும். அவ்வளவு பிழிந்தால் அதைச் சொதி என்று உங்கள் ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நிறத்தைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த நல்ல வழி, பவுச்சை ஒல்லியாக்குவது. உன் அரைக்கிலோ பவுச் நடுவில் புடைத்து நிற்கிறது. பருப்பு கரைந்து சொதி கெட்டியாக இருப்பதால் உள்ளே அது ஓடிக் கலப்பதில்லை. சூடு ஓரத்திலிருந்து மெல்ல ஊர்ந்துதான் நடுவுக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட உணவில் கனம் பாதியானால், நடு சூடாகும் நேரம் கிட்டத்தட்ட கால்வாசியாகும். 200 கிராம் தட்டைப் பவுச்சாக்கி, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கினால் ஓரத்துச் சொதி வீணாக வெந்துகொண்டிருக்காது. டின்னை விட்டுப் பவுச்சுக்கு வந்ததில் எங்கள் தொழிலுக்குக் கிடைத்த லாபமே இதுதான். புடைத்த பவுச்சில் நீ அதைக் கை நழுவ விடுகிறாய்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். சூட்டைப் பத்து டிகிரி ஏற்றினால் கிருமி சாவது பத்து மடங்கு வேகமாகும். பழுப்பாவது சுமார் இரண்டு மடங்குதான் வேகமாகும். அதனால் 130 டிகிரியில் கொஞ்ச நேரம் என்பது, 121இல் நிறைய நேரம் என்பதைவிட நிறத்துக்கு நல்லது. ஆனால் அந்தச் சூட்டுக்கு சி.பி.பி.யும் அட்ஹெசிவும் வேறு கிரேடு வேண்டும், ரிட்டார்ட்டும் தாங்க வேண்டும். இப்போதைக்கு ஒல்லியாக்குவதே போதும். பவுச்சின் மேல் முனையில் ஒரு காற்றுக் குமிழி இருந்தது, அதை ஒட்டி சொதி இன்னும் கருத்திருந்தது. சீல் போடும் முன் அந்தக் காற்றை வெளியேற்று. அது நிறத்தையும் கெடுக்கும், சூடு போகும் வழியையும் அடைக்கும்.

உள்ளே தெரிகிற பவுச்தான் வேண்டும் என்ற உன் ஆசை புதிதில்லை. ஜப்பானில் ஒட்சுகா கம்பெனி 1968 பிப்ரவரியில் 'பான் கறி' என்று ரிட்டார்ட் பவுச்சில் குழம்பை முதன்முதலாக வீடுகளுக்கு விற்றபோது அதுவும் ஒளி ஊடுருவும் பவுச்தான். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. மறுவருடமே அலுமினியம் ஃபாயிலுக்கு மாறினார்கள், இரண்டு வருடம் தாங்கியது. அந்தக் காலத்தைவிட இன்றைய ஆக்சைடு பூச்சு எவ்வளவோ மேல். ஆனால் வெளிச்சத்தை அதுவும் தடுக்காது. அதனால் கடைக்குப் போகிற சொதிக்கு ஃபாயில் எடு. சென்னை ஓட்டல்காரர்கள் மைக்ரோவேவில் வைக்க வேண்டும் என்கிறார்களே, அவர்களுக்கு மட்டும் அலிஃபாட்டிக் போட்ட தெளிவான பவுச்சை அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொடு. தேதியைக் குறைவாகப் போடு. ஷெல்ஃபில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்கிற ஆசையை விட்டுவிடு என்றுதான் சொல்வேன். இ.வி.ஓ.எச். (ஆக்சிஜனைத் தடுக்கும் ஒரு பிளாஸ்டிக்) போட்ட பவுச் ஒன்றைக் காட்டினார்களாமே? அது ரிட்டார்ட்டில் ஈரம் குடித்து வெளுத்துப்போகும். ஆக்சிஜனைத் தடுக்கும் சக்தியும் அப்போது குறையும், காய்ந்து பழைய நிலைக்கு வர நாளாகும். தேங்காய்ப்பாலுக்கு எனக்கு அதில் மனசு இல்லை.

இங்கே எங்களுக்கு வேறு தலைவலி. நாம் பேசிக்கொண்டிருக்கிற எல்லாப் பவுச்சும் பல பிளாஸ்டிக் ஒட்டியவை, பிரிக்க முடியாதவை. குப்பை சேகரிப்பவர்கள்கூட அதை எடுப்பதில்லை. அதனால் முழுக்கப் பாலிபுரொப்பிலீனிலேயே ரிட்டார்ட் பவுச் செய்யச் சொல்கிறார்கள். பாலியெஸ்டர் 250 டிகிரி தாண்டித்தான் உருகும், பாலிபுரொப்பிலீன் 160 பக்கத்திலேயே உருகிவிடும். வெளி ஃபிலிம் சுருங்காமல் உள் ஃபிலிம் மட்டும் சீல் ஆக வேண்டும். சீலிங் மெஷினில் ஐந்து டிகிரி அந்தப் பக்கம் போனால் ஓரம் நெளிகிறது, இந்தப் பக்கம் வந்தால் சீல் பிடிக்கவில்லை. ஃபிலிம் சுருங்கும் இடத்தில் ஆக்சைடு பூச்சு விரிசல் விடுகிறது. ஆனால் நைலான் இல்லாததால் மஞ்சளாவது குறைந்திருக்கிறது, அது மட்டும் சந்தோஷம்.

அடுத்த பார்சல் எப்போது? அதில் வெறும் தண்ணீர் நிரப்பிய பவுச் சிலவற்றையும் சொதிப் பவுச்சோடு ஒரே ரிட்டார்ட்டில் போட்டு அனுப்பு. பவுச்சின் நிறத்தைத் தனியாக மீட்டரில் அளந்துவிடுகிறேன். ரோலின் லேமினேஷன் தேதியையும் கேட்டு எழுது. அலிஃபாட்டிக் லேமினேட் எங்களிடம் மிச்சம் இருக்கிறது. நீ அளவு சொன்னால் தட்டைப் பவுச்சாக வெட்டி அனுப்புகிறேன், அதற்குப் பணம் கிணம் என்று ஆரம்பிக்காதே. பொங்கல் கழித்து மைசூர் வருவதாக இருந்தால் ஓசூரில் இறங்கி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ. அத்தை உன்னை விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
வசந்தி