பழைய சாலையில் ஒரு நாள்

லாபிஸ், ஜொகூர்

அன்புள்ள நண்பா,

நலம், உன் நலமறிய ஆவல். அறுவைச் சிகிச்சைக்குப் பின் நீ கைத்தடியின்றி வாசல்வரை நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று உன் மகள் தொலைபேசியில் சொன்னபோது, இந்தக் கடிதத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது. நாம் இருவரும் சேர்ந்து போவதாகப் பேசி வைத்திருந்த பயணத்தைச் சென்ற மாதம் நீ இல்லாமலே முடித்துவிட்டேன். கோலாலம்பூரில் மகன் வீட்டில் புறப்பட்டு, சிங்கப்பூரில் அக்காள் வீடு போய்ச் சேரும்வரை, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு மைல்கூட ஏறவில்லை. சிறுவயதில் நாம் பேருந்தில் போய் வந்த பழைய சாலையிலேயே போனோம்.

ஏறத்தாழ 350 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடந்துவிடலாமே, ஒரு பகல் முழுவதையும் ஏன் சாலையிலேயே கழிக்க வேண்டும் என்று மகன் கேட்டான். நம் ஊர் லாபிஸ் அந்த நெடுஞ்சாலையில் இல்லை என்பதுதான் என் பதில்.

காஜாங்கும் செமினியும் இப்போது தலைநகரின் நீட்சியாகிவிட்டன. அங்கே பார்க்க எனக்கு ஒன்றும் இல்லை. மந்தின் மலை வளைவுகளில்தான் பழைய சாலையின் முகம் தெரிந்தது. அம்மா நம் இருவருக்கும் புளிப்பு மிட்டாய் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்ன இடம் அது. சிரம்பானில் பசியாறிவிட்டு, தம்பின் வழியாகக் கிழக்குக் கரை ரயில் பாதை பிரியும் கெமாஸ் சந்திப்பைத் தாண்டிச் சிகாமட் வந்தபோது மதியமாகிவிட்டது. வழி நெடுகச் செம்பனைதான். ரப்பர்ப் பால்மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. விடியற்காலையில் ஈரமான பால்மரக் காட்டிலிருந்து வரும் அந்தப் புளித்த வாடையை என் மகன் அறியமாட்டான் என்பதை நினைத்தபோது, அவனுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டேன்.

லாபிஸில் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே நாம் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்துக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன். தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையின் சிமெந்துத் தளம் மட்டும் புல்லுக்கு நடுவே தெரிகிறது. கோயில் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. திடலில் கோல் கம்பங்கள் இல்லை. ஆனால் கிராணி வீட்டு வேலியோரத்தில், வானொலிப் பெட்டியை வைத்து நாம் ஆட்டம் கேட்ட மேடு அப்படியே இருக்கிறது. அங்கே கால்மணி நேரம் நின்றேன்.

உனக்கு நினைவிருக்கும். நம் ஜொகூர் அணி கால்பந்தில் மலேசியக் கிண்ணத்தை முதன்முதலாக வென்றது 1985-இல்தான். அதற்கு முன் தோட்டத்தில் இரண்டே கட்சிகள். கோல்காவலர் ஆறுமுகத்துக்காக நீ சிலாங்கூர். அக்காள் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர் என்பதற்காகவும், ராஜகோபாலின் பெயரை வானொலியில் கேட்பதற்காகவும் நான் சிங்கப்பூர். அந்தக் கிண்ணம் மலாயாக் கிண்ணம் என்ற பெயரில் தொடங்கிய 1921-இல், முதல் இறுதியாட்டத்திலேயே மோதியவை இந்த இரண்டு அணிகள்தாம். சிங்கப்பூர் 2-1 என்று வென்றது. 1980-இல் மெர்டேக்கா அரங்கில் மீண்டும் மோதி, அதே 2-1 கணக்கில் சிங்கப்பூரே வென்ற அன்று, நீ மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்த செய்தி வந்தபோது, சிங்கப்பூர்க் கட்சிக்காரர்களும் உன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அந்த இரு நகரத்தாரின் போட்டி அவர்களுக்கு எப்படியோ, நடுவில் இருந்த நமக்கு இரண்டும் சொந்த ஊர்களாகவே இருந்தன.

அந்த மேட்டில் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1994-இல். சிங்கப்பூர் கடைசியாகக் கிண்ணத்தை வென்று, மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியதும் அந்த ஆண்டோடுதான். ஒரே ஆண்டில் வண்டிகளும் நம் ஊரை விட்டுப் போயின, ஆட்டமும் போயிற்று. கோலாலம்பூர்–சிங்கப்பூர் விரைவு ரயிலுக்காக 2016-இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்தபோது, தொண்ணூறு நிமிடத்தில் சிங்கப்பூர் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். அந்தப் பாதையும் மலாக்கா, மூவார், பத்து பஹாட் என்று கடலோரமாகவே வரையப்பட்டிருந்தது. 2021 பிறந்தபோது அந்தத் திட்டம் கைவிடப்பட்டதை அறிந்து நான் வருந்தவில்லை. இதை உன்னிடம் மட்டுமே சொல்ல முடியும்.

யோங் பெங், ஆயர் ஹீத்தாம், கூலாய் எல்லாம் விரைவாகக் கடந்தன. ஆயர் ஹீத்தாமில் மட்டும் அக்காளுக்கு ஒரு மண்சட்டி வாங்கினேன். ஒரு கிலோமீட்டர் அளவே உள்ள ஜொகூர்ப் பாலத்தைக் கடக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. மந்தினிலிருந்து சிகாமட் வருவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் ஆகியிருந்தது. முன்பு ரயிலில் போனால் தஞ்சோங் பகார் நிலையத்தில் அத்தான் காத்திருப்பார். 2011-இல் அந்த நிலையமும் மூடப்பட்டுவிட்டது, அத்தானும் இல்லை.

அக்காள் வீட்டில் இரவு ரொட்டி சானாய் என்று என் மகனும், பராட்டா என்று அவள் பேரனும் வாதாடினார்கள். இரண்டு பேரும் ஒரே தட்டில் பிய்த்துத் தின்றுகொண்டேதான் வாதாடினார்கள். அக்காள் மண்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தோட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டாள். பதினேழு வீடுகளுக்கு நான் பதில் சொன்னேன். அவற்றில் ஒருவர்கூட இப்போது அங்கே இல்லை என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

உன் கால் நன்றாகத் தேறியதும், உன் மகளிடம் சொல்லிச் சிரம்பானிலேயே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி வா. கிள்ளானிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டால் மதியச் சோற்றுக்கு இங்கே வந்துவிடலாம். சிகாமட்டைத் தாண்டியதும் ஒரு அழைப்புக் கொடு. சாலை முனையில் குடையோடு நிற்பேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய எதிர்க்கட்சிக்காரன்