காசும் கேஷும்

ஆசிரியருக்கு வணக்கம். ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம் காசிலிருந்துதான் போனது என்று உங்கள் பத்திரிகையில் வந்த துணுக்கைப் படித்தேன். பாதி சரி, பாதி தப்பு, அந்த மீதிக் கதைதான் அருமையானது.

ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஒன்றல்ல, இரண்டு. இன்று கடையில் “கேஷா, கார்டா?” என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் லத்தீன் ‘காப்சா’வில் பிறந்து, இத்தாலி, பிரான்ஸ் வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்கு வந்தது. காப்சா என்றால் பெட்டி. முதலில் பணப்பெட்டியைக் குறித்த சொல், அப்புறம் பெட்டிக்குள் கிடந்த பணத்துக்கே பெயராகிவிட்டது. நம் மளிகைக்கடைக்காரர் ராத்திரி கல்லாவைப் பூட்டிக்கொண்டே “இன்னைக்கு நல்ல கல்லா” என்கிறாரே, அவர் சொல்வது மரப்பெட்டியையா, வசூலையா? அதே நடைதான்.

இன்னொரு கேஷ் நிஜமாகவே நம்முடையது. காசு என்ற சொல்லைப் போர்ச்சுகீசியர் ‘கைஷா’ என்று எடுத்துக்கொள்ள, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கினார்கள். சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். அந்தக் காலத்தில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கிலும் இந்தக் காசு இருந்தது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு.

சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர் என்பதே எவ்வளவு பெரிய விஷயம்! அதை விட்டுவிட்டு இல்லாத உறவை ஏன் கொண்டாட வேண்டும்? அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள் ஐயா.

— ஒரு வாசகர், மதுரை