சதுரமும் சாய்சதுரம்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கணக்கு வினாவிடையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 'இவற்றில் எது சாய்சதுரம்?' என்று கேட்டு நாலு படம் போட்டிருந்தீர்கள். இரண்டாவது படம் சதுரம். நாலாவது, சாய்ந்து நிற்கிற சமபக்க நாற்கரம். விடையில் நாலாவது மட்டும்தான் சரி என்று போட்டு, 'சதுரமும் சாய்சதுரமும் வெவ்வேறு வடிவங்கள்' என்று விளக்கம் வேறு. எட்டாவது படிக்கிற என் மகள் இரண்டையும் டிக் அடித்திருந்தாள், உங்கள் விடையைப் பார்த்ததும் ரப்பரை எடுத்து ஒன்றை அழித்துவிட்டாள். அவள் அழித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் வாத்தியார் இல்லை. மண்டபம் ஊரில் மீன்பிடி வலை, கயிறு, மிதவை விற்கிற கடை வைத்திருக்கிறேன், பிளஸ் டூவோடு கணக்கை விட்டவன். ஆனால் காலையில் கடை திறந்தால் ராத்திரி சாத்துகிற வரைக்கும் என் கையில் புரள்வது நாற்கரம்தான்.

ஒரு முழம் நைலான் வலையை வெட்டி மகளிடம் கொடுத்தேன். ஒரே ஒரு வலைக்கண்ணை, அதாவது நூல்களுக்கு நடுவில் இருக்கிற ஓட்டையை, மட்டும் பார் என்றேன். நாலு முடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு ஒரே நீளம். மேல் முடிச்சையும் கீழ் முடிச்சையும் பிடித்து இழுத்தால் கண் ஒடுங்கி நூலோடு நூல் ஒட்டிக்கொள்கிறது. கையைத் தளர்த்திப் பக்கவாட்டில் மெதுவாக விரித்துக்கொண்டே வந்தால் அகலும், அகன்றுகொண்டே வந்து நடுவில் ஓர் இடத்தில் நாலு மூலையும் மட்டமாக, செங்கோணமாக நிற்கும், அதையும் தாண்டினால் அந்தப் பக்கமாகப் படுத்துவிடும். அந்த நடு இடத்தில் மட்டும் அது வேறு கண்ணாகிவிட்டதா என்று கேட்டேன். "முடிச்சு எதுவும் அவிழலையே அத்தா" என்றாள்.

விஷயம் அவ்வளவுதான். நாலு பக்கமும் சமமாக இருந்தால் சாய்சதுரம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம், மூலை சாய்ந்தே இருக்க வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை. சதுரம் அந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்றிவிட்டு, செங்கோணம் என்று இன்னொன்றையும் மேலே சேர்த்துக்கொள்கிறது. செவ்வகத்துக்கும் இதே கதைதான். நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால் போதும், நீளமும் அகலமும் வேறுபட வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

இதில் நம் பெயர்களும் கொஞ்சம் வில்லங்கம் செய்கின்றன. சாய்சதுரம் என்று சொன்னதும் 'சாய்ந்த சதுரம், அதாவது சதுரத்தில் ஒரு வகை' என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை நேர் தலைகீழ். சதுரம்தான் சாய்சதுரத்தில் ஒரு வகை. பெயர் வைத்தவரைக் குறை சொல்லவில்லை, எழுதிப் பார்த்தால் அழகான சொல்தான்.

வலைக்கண் விஷயத்தை விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். கடையில் கண் அளவு 40 மி.மீ. என்றால் இழுத்துப் பிடித்த அளவு, அதாவது ஒரு பக்கம் 20 மி.மீ. அந்தக் கண் சதுரமாக நின்றால் திறப்பு 400 சதுர மி.மீ. ஒடுங்கி அதன் சிறிய கோணம் 30 பாகைக்கு வந்தால் பாதி, 200தான். விசைப்படகு இழுவைமடியை, அதாவது பின்னால் கட்டி இழுக்கிற பை போன்ற வலையை, இழுக்கும்போது மடியின் கடைசிப் பையில் நடப்பது இதுதான், இழுவையில் கண்கள் ஒடுங்கிக்கொள்வதால் தப்ப வேண்டிய குஞ்சுமீன்களும் உள்ளேயே கிடக்கும். அதனால்தான் அந்தப் பைக்குச் சதுரக் கண் வலை வைக்கச் சொல்கிறார்கள். அதில் நூல்கள் இழுக்கிற திசையிலேயே ஓடுவதால் கண் திறந்தபடியே நிற்கும். அதே நூல், அதே பக்க அளவு, வலையைத் திருப்பி வைப்பதில்தான் வித்தியாசம்.

சரி, நாற்கரங்களின் உறவுமுறைக்கு வருகிறேன். பிள்ளைகள் இதை மனப்பாடம் பண்ணித் தவிப்பதைவிட, மூலைவிட்டங்களைப் பிடித்துக்கொண்டு போனால் சுலபம். மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டினால் அது இணைகரம். அந்த இணைகரத்தில் மூலைவிட்டங்கள் செங்குத்தாகவும் வெட்டினால் சாய்சதுரம். செங்குத்து வேண்டாம், நீளம் சமம் என்றால் செவ்வகம். இரண்டும் சேர்ந்தால் சதுரம். தாய்க்கு உள்ளது எல்லாம் பிள்ளைக்கும் உண்டு, பிள்ளைக்கு உள்ளது தாய்க்கு இருக்க வேண்டிய அவசியமில்லை. பட்டம் என்பது கொஞ்சம் ஒதுங்கிய சொந்தம், அடுத்தடுத்த பக்கங்கள் சோடி சோடியாகச் சமமாக இருந்தால் போதும், அதனால் எல்லாச் சாய்சதுரமும் பட்டம்தான். நம்பாதவர்கள் சின்ன வயதில் கடற்கரையில் விட்ட காற்றாடியை நினைத்துப் பாருங்கள், சதுரத் தாளை முனை மேலே வரும்படி பிடித்து ஈர்க்குச்சி ஒட்டியதுதானே.

உங்கள் பக்கம் எழுதியவருக்குத் துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. வடிவியலுக்கு அடித்தளம் போட்ட பழைய கிரேக்கர் யூக்ளிட்டே தன் நூலின் முதல் புத்தகத்தில் நாற்கரங்களை வரையறுக்கும்போது, செங்கோணம் உண்டு ஆனால் பக்கம் சமமில்லை, பக்கம் சமம் ஆனால் செங்கோணம் இல்லை என்று தனித்தனியாகத்தான் பிரித்து வைத்தார். அந்தக் கணக்கில் சதுரம் செவ்வகம் ஆகாது. இன்று கணிதம் அப்படிப் பிரிப்பதில்லை, காரணம் இணைகரத்துக்கு ஒரு தடவை நிரூபித்ததைச் செவ்வகத்துக்கும் சாய்சதுரத்துக்கும் சதுரத்துக்கும் மறுபடி மறுபடி நிரூபிக்க வேண்டாமே. சரிவகத்தில் மட்டும் இன்னும் தகராறு தீரவில்லை. 'எதிர்ப்பக்கங்களில் ஒரு சோடி மட்டும் இணை' என்பவர்களுக்கு இணைகரம் சரிவகம் ஆகாது, 'குறைந்தது ஒரு சோடி' என்பவர்களுக்கு ஆகும். வினா கேட்பவர் எந்த வரையறை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு வேகமாக எழுதக் காரணம் ஒரு பழைய காயமும்தான். சில வருடம் முன்னால் உச்சிப்புளி பக்கம் ஒரு மனை பார்த்தேன். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. தரகர் நாலு பக்கமும் டேப் பிடித்தார், 60 அடி, 40 அடி, 60 அடி, 40 அடி. 2400 சதுர அடி, ஐந்தரை சென்ட் என்று விலை பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று. அப்புறம் முள்ளை வெட்டிவிட்டு, தெரிந்த கொத்தனார் ஒருவர் மூலைக்கு மூலை கயிறு பிடித்தார். ஒன்று 83 அடிக்குக் கொஞ்சம் குறைவு, மற்றது 60 அடிக்குக் கொஞ்சம் குறைவு. "சரக்கு சாஞ்சிருக்கு பாய்" என்றார். எதிர்ப்பக்கங்கள் சமம் என்பதை வைத்து அது இணைகரம் என்றுதான் சொல்ல முடியும், செவ்வகம் என்று சொல்ல மூலைவிட்டமும் சமமாக வேண்டும். உண்மையான பரப்பு சுமார் 2255 சதுர அடி. ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு காற்றில் போயிருக்கும், நல்லவேளை பத்திரம் எழுதவில்லை.

எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கிப் பரப்பு காண்கிற வழக்கம் ரொம்பப் பழையது. 628இல் எழுதிய இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தரே அதைத் தோராயம் என்று சொல்லிவிட்டுத்தான் நுட்பமான சூத்திரத்தைக் கொடுத்தார், அந்தச் சூத்திரமும் வட்டத்துக்குள் பொருந்துகிற நாற்கரத்துக்குத்தான் சரி. நாலு பக்கம் தெரிந்தாலும் நாற்கரம் பிடிபடாது, என் வலைக்கண் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். சராசரி முறையோ ஒருபோதும் குறைத்துச் சொல்லாது, செவ்வகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கூட்டித்தான் சொல்லும். விற்கிறவருக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்கள். 'இரண்டும் நாலும்' என்று ஒரு வரி போதும். படமும் போடுவதானால், சதுரத்தை எப்போதும் போல அடி மட்டமாகப் படுக்க வைக்காமல் ஒரு முனையில் நிற்க வைத்துப் போடுங்கள். மகள் அழித்த டிக் இன்னும் தாளில் லேசாகத் தெரிகிறது, அதன் மேலேயே மறுபடி போட்டுக்கொள்வாள்.

இப்படிக்கு,
வலைக்கடைக்காரர் ஒருவர்,
மண்டபம்.