சமிக்ஞை எப்படி அணைகிறது என்பதையும் எழுதுங்கள்: உயிரியல் பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயிரியல் பாடநூல் எழுதுகிறவர்களுக்கும், அதற்குப் படம் வரைகிறவர்களுக்கும், வணக்கம்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். செல் சமிக்ஞை பற்றிய பாடத்தில் நீங்கள் போடும் படம் ஏன் எப்போதும் பாதியிலேயே நின்றுவிடுகிறது? வெளியே ஒரு ஹார்மோன், சவ்வில் ஒரு ஏற்பி, உள்ளே வரிசையாக நாலைந்து அம்புக்குறிகள், கடைசியில் ஒரு கட்டத்துக்குள் ‘துலங்கல்’. அதோடு பாடம் முடிந்துவிடுகிறது. வந்த சமிக்ஞையைச் செல் எப்படி அணைக்கிறது, எவ்வளவு வேகமாக அணைக்கிறது, அணைக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் பெரும்பாலும் வருவதே இல்லை, வந்தாலும் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக வருகிறது. நான் உயிரியல் சொல்லித்தருகிறேன். அட்ரினலின் வந்தது, இதயம் வேகமாகத் துடித்தது என்று மாணவர்கள் கடகடவென்று சொல்லிவிடுகிறார்கள், சரி, அப்புறம் எப்படி நின்றது என்று கேட்டால் வகுப்பில் ஒருவருக்கும் பதில் தெரிவதில்லை. படிக்காததால் அல்ல, அவர்கள் படித்த பக்கத்தில் அது இல்லை.

இந்தத் துறையை உருவாக்கியவர்கள் இப்படிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1921இல் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துச் செய்த சோதனையை நீங்கள் எல்லோரும் எழுதுகிறீர்கள்: ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அந்த இதயம் மெதுவானது, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொன்றில் விட்டார், அதுவும் மெதுவானது. நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ஆனால் லோவி அதோடு நிற்கவில்லையே! அந்தப் பொருள் ஏன் இவ்வளவு சீக்கிரம் காணாமல் போகிறது என்று தேடிப்போய், திசுவிலேயே அதைச் சிதைக்கும் ஒன்று இருக்கிறது என்றும், எசரின் என்ற மருந்து அந்தச் சிதைவைத் தடுக்கிறது என்றும் 1926இல் நவ்ராட்டிலுடன் சேர்ந்து காட்டினார். எர்ல் சதர்லேண்ட் கதையும் அப்படியே. கல்லீரல் செல்களை உடைத்து, அட்ரினலின் சவ்வுப் பகுதியில் வேலை செய்யும்போது வெப்பத்தைத் தாங்கும் சிறிய மூலக்கூறு ஒன்று உண்டாகிறது, செல்லுக்குள் வேலையைச் செய்ய வைப்பது அதுதான் என்று கண்டுபிடித்தார், அதுவே சைக்ளிக் ஏஎம்பி, அதற்காக 1971இல் நோபல் பரிசும் வந்தது. சைக்ளிக் ஏஎம்பியை அழிக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியை விவரித்ததும் அவருடைய குழுதான், அந்த நொதியை காஃபின் தடுக்கிறது என்று பார்த்ததும் அவர்கள்தான். உங்கள் புத்தகங்களில் முதல் பாதி மட்டும் இருக்கிறது.

இந்த இரண்டாம் பாதி ஏதோ நுணுக்கம், மேல்படிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்களோ? ஏற்பி வாங்கிய செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி புரதத்தை எடுத்துக்கொள்வோம். ராட்பெல்லும் கில்மனும் இதற்காக 1994இல் நோபல் பெற்றார்கள். ஏற்பி தூண்டியதும் இந்தப் புரதம் தன்னிடமிருந்த இரண்டு பாஸ்பேட் கொண்ட குவானோசின் டைபாஸ்பேட்டை விட்டுவிட்டு, மூன்று கொண்ட ட்ரைபாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்கிறது, உடனே வேலையில் இறங்குகிறது. அதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பிடித்த அந்த ட்ரைபாஸ்பேட்டிலிருந்து ஒரு பாஸ்பேட்டைத் தானே வெட்டிவிட்டுத் தானாக அணைந்துபோகிறது என்பதுதான் அதன் அழகு. யாரும் வந்து நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. வேலை தொடங்கும்போதே நிறுத்தும் நேரமும் அந்தப் புரதத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

காலரா பாக்டீரியாவின் நச்சு கைவைப்பது சரியாக அந்த இடத்தில்தான். குடல் செல்லுக்குள் நுழைந்து, சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்கத் தூண்டும் ஜி புரதத்தின் ஒரு அமினோ அமிலத்தில் ஒரு சிறு மூலக்கூறை ஒட்டிவிடுகிறது. அவ்வளவே. புரதத்தால் பாஸ்பேட்டை வெட்ட முடியவில்லை, அதனால் அணையவும் முடியவில்லை, சைக்ளிக் ஏஎம்பி குவிந்துகொண்டே போகிறது, குளோரைடு வெளியே பாய்கிறது, பின்னாலேயே தண்ணீர் போகிறது. நோய் முற்றினால் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட இழக்கலாம். புதிதாக ஒரு ஹார்மோனும் வரவில்லை, அணைக்கும் வழி ஒன்று அடைபட்டது, அதற்கே ஒரு மனித உயிர் சில மணி நேரத்தில் போய்விடக்கூடும். (குளுக்கோஸோடு சேர்த்து சோடியத்தை உள்ளே எடுக்கும் பாதை அப்போதும் கெடாமல் இருப்பதால்தான் உப்பு சர்க்கரைக் கரைசல் காப்பாற்றுகிறது. இதையும் அதே பக்கத்தில் எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!)

புற்றுநோய்ப் பாடத்துக்கு வாருங்கள். ராஸ் என்ற புரதமும் இதே குடும்பத்து வேலையைச் செய்வது, செல்லைப் பெருகச் சொல்லும் சமிக்ஞையைக் கடத்துகிறது, பிறகு பாஸ்பேட்டை வெட்டி ஓய்ந்துவிடுகிறது. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களில் அதன் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதை 1982இல் கண்டுபிடித்தார்கள்: புரதத்தின் 12ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின். இப்படி மாறிய ராஸ் ஓய்வதில்லை, வெளியே யாரும் சொல்லாமலே செல் பெருகுகிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ராஸ் குடும்ப மரபணுக்களில் மாற்றம் இருக்கிறது. இதைப் படிக்கும் மாணவருக்கு ‘கட்டுப்பாடற்ற செல் பெருக்கம்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், எந்தக் கட்டுப்பாடு, எங்கே இருந்தது, எப்படி அறுந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நரம்பும் தசையும் சேரும் இடத்தில், லோவி கண்ட அந்தப் பொருளான அசிடைல்கோலினைச் சில மில்லிநொடிகளில் சிதைக்கும் நொதியைப் பற்றியும் இதையே சொல்வேன். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி உடலுக்குள் போனால் அந்த நொதி முடங்குகிறது, சமிக்ஞை நிற்காமல் தசை துடித்துத் துடித்துக் கடைசியில் செயலற்றுப் போகிறது, மூச்சு நின்றுவிடுகிறது. அதே நொதியை அளவாக, தற்காலிகமாகத் தடுக்கும் பைரிடோஸ்டிக்மின், தன் உடலின் எதிர்ப்பொருளாலேயே ஏற்பிகளை இழந்து தசை தளர்ந்த மயஸ்தீனியா நோயாளியின் கண்ணிமையைத் தூக்க வைக்கிறது.

அப்புறம் கால்சியம். இதை நீங்கள் எழுதாமல் விடுவதுதான் எனக்குக் கொஞ்சமும் புரியாத விஷயம். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் அயனிச் செறிவு உள்ளே இருப்பதைப்போலச் சுமார் 10,000 மடங்கு. அந்த வித்தியாசம் தானாக இருப்பதல்ல, செல் இரவும் பகலும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்துக் கால்சியத்தை வெளியேயும் உள்ளறைகளுக்கும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. உள்ளே அவ்வளவு குறைவாக வைத்திருப்பதால்தான் ஒரு வாயில் கணநேரம் திறந்தாலே அது சமிக்ஞையாகிறது. ஆக, அணைத்து வைப்பது சமிக்ஞைக்குப் பின்னால் வரும் வேலை மட்டும் இல்லை, அது முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். ‘துலங்கலோடு’ முடியும் படத்தில் இதைக் காட்ட இடமே இல்லை, பாருங்கள்.

ஏற்பிகூடச் சும்மா இருப்பதில்லை. நீண்ட நேரம் தூண்டப்பட்டால் செல் அதன் உட்புற வாலில் பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது, அரெஸ்டின் என்ற புரதம் வந்து அதில் உட்கார்ந்து ஜி புரதத்தை நெருங்கவிடாமல் செய்கிறது, பல சமயம் ஏற்பியையே சவ்விலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. சில மருந்துகள் நாளாக ஆகப் பலனளிப்பது குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாடத்திட்டம் ஏற்கெனவே கனமாக இருக்கிறது என்பீர்கள். உண்மைதான், பிள்ளைகள் மேல் இன்னும் சுமையேற்ற நானும் விரும்பவில்லை. அதனால் கூட்டச் சொல்லவில்லை, மாற்றச் சொல்கிறேன். புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகளான கைனேஸ்களின் பெயர்களை நீண்ட சங்கிலியாக மனப்பாடம் செய்ய வைப்பதைக் குறையுங்கள், மனித உடலில் 500க்கு மேல் கைனேஸ்கள் இருக்கின்றன, அதில் ஏழெட்டின் பெயரை ஒப்பிப்பதால் ஒன்றும் விளங்கப்போவதில்லை. ஃபிஷருக்கும் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் கொடுத்தபோது, புரதத்தில் பாஸ்பேட் ஒட்டுவதும் திரும்ப அகற்றப்படுவதுமான மீள்தன்மைக்காகத்தான் கொடுத்தார்கள். அந்த மீள்தன்மை ஒரு படத்தில் வந்தால் போதும்: ஒட்டும் நொதி எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கம் அகற்றும் பாஸ்பட்டேஸ், இரண்டுக்கும் ஒரே தடிமனில் அம்புக்குறி.

தேர்வுக் கேள்வி எழுதுகிறவர்களும் உங்களில் இருப்பீர்கள். ‘அட்ரினலின் செயல்படும் படிகளை வரிசைப்படுத்துக’ என்பதற்குப் பதில், இந்த வழியில் பாஸ்போடைஎஸ்டரேஸ் வேலை செய்யாவிட்டால் செல்லில் என்ன நடக்கும் என்று ஒரு வருடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால் போதும், நாங்கள் வகுப்பில் சொல்லித்தந்துவிடுவோம்.