‘டேக்’ என்றால் ‘எடு’ மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கில வினைச்சொல் பட்டியலில் ‘டேக்’ என்பதற்கு ‘எடு’ என்று ஒரே பொருள் தந்திருக்கிறீர்கள். தவறில்லை. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளை அடுத்த வாக்கியத்திலேயே தடுக்கி விழும்.

போட்டோ எடுப்பதும் குறிப்பு எடுப்பதும் இரு மொழியிலும் ஒத்துப்போகின்றன. அந்தத் தைரியத்தில் பிள்ளைகள் ‘டேக் மார்க்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண்ணுக்கு ‘கெட்’ அல்லது ‘ஸ்கோர்’ வர வேண்டும். பசி எடுப்பதற்கு ‘டேக்’ கிட்டவே வராது; ‘ஐ ஆம் ஹங்க்ரி’, அவ்வளவுதான். முடிவு எடுப்பதற்கு ‘மேக் எ டிசிஷன்’ பெருவழக்கு. பிரிட்டனில் ‘டேக்’கும் உண்டு என்பதால் அதற்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

மறுபக்கம், நாம் ‘எடு’ சொல்லாத இடங்களில் ஆங்கிலம் ‘டேக்’ சொல்கிறது. லீவு போடுகிறோம், மாத்திரை போடுகிறோம். இரண்டுக்கும் ‘டேக்’தான், ‘புட்’ அல்ல. நேரம் ஆகும் என்பது ‘இட் டேக்ஸ் டூ அவர்ஸ்’. பஸ் பிடிப்பதற்கு ‘கேட்ச்’, ‘டேக்’ இரண்டும் உண்டு. ஆறு மணி பஸ்ஸைத் தவறவிடாமல் ஏறுவது ‘கேட்ச்’. ரயிலை விட்டு பஸ்ஸில் போகத் தீர்மானிப்பது ‘டேக்’. ‘டேக் அன் எக்ஸாம்’ என்றால் தேர்வு எழுதுவது, நடத்துவது அல்ல. ‘டேக் எ கிளாஸ்’ இன்னும் வம்பு: அமெரிக்காவில் அது மாணவர் வேலை, பிரிட்டனில் ஆசிரியரும் செய்வார்.

பின்னால் ஒரு சிறுசொல் ஒட்டினால் பொருள் தடம் மாறும். ‘டேக் ஆஃப்’ விமானத்துக்கு மேலெழும்புதல், செருப்புக்குக் கழற்றுதல். ‘டேக் ஆஃப்டர்’ பெற்றோரின் சாயலில் இருப்பது. தையல்காரர் சட்டையைப் பிடித்துத் தைத்தால் ‘டேக் இன்’. ‘ஐ வாஸ் டேக்கன் இன்’ என்றால் ஏமாந்துபோனேன். இங்கே சொல்வரிசையும் முக்கியம். ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’, ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ இரண்டும் சரி. ‘ஷூஸ்’ இருந்த இடத்தில் ‘தெம்’ வந்தால் ‘டேக் தெம் ஆஃப்’ மட்டுமே சரி. ‘டேக் ஆஃப்டர்’ இப்படிப் பிரியாது: ‘ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹிம்’.

இத்தனை வேலை செய்யும் இந்தச் சொல்லே ஆங்கிலத்துக்கு வந்தேறி. வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ‘டாகா’ வந்து, பழைய ஆங்கிலத்தின் ‘நிமன்’ என்ற வினையைத் துரத்திவிட்டது. ஜெர்மனில் அதன் உறவுச்சொல் ‘நேமன்’ இன்றும் வழக்கில் உள்ளது.

ஆகவே பட்டியலை இப்படி அச்சிடலாம்: ஒரு வினை, அதனோடு சேரும் நான்கு பெயர்ச்சொற்கள், பின்னொட்டுச் சொல் ஒன்று, முழு வாக்கியம் ஒன்று, ‘இதனோடு சேராது’ என்று தமிழர் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று. கடைசி வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு அகராதிகளில் நம் பிள்ளைகளுக்கென்று அது கிடைக்காது. இந்தச் சேர்க்கைகளைத் தனியே தொகுக்கும் வேலை புதிதும் அல்ல. ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணியில் இருந்த ஹெரால்ட் பால்மர், 1933-லேயே டோக்கியோவில் அப்படியொரு தொகுப்பை வெளியிட்டார்.

‘மேக்’, ‘புட்’, ‘ஹேவ்’ என வாரத்துக்கு ஒன்று போதும். ‘கெட்’டுக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்